வால் இறக்கையில் ஒரு ட்ரிம் டேப்: ஏ-1 கிளைடர் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சென்னையில் இரண்டு ஆண்டுகள் குறையின்றிப் பறந்த சிறு கிளைடர் ஒன்று, எனக்குப் பணி மாற்றலாகிப் பெங்களூருக்கு வந்த பின், மூக்கை அதிகம் தூக்கி ஸ்டால் ஆகத் தொடங்கியது; அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்து சரியத் தொடங்கியது. அதைச் சரிசெய்ய அதன் வால் இறக்கையின் பின்விளிம்பில் ஒரு ட்ரிம் டேப், அதாவது மேலோ கீழோ சாய்த்து வைக்கக்கூடிய சிறு பட்டை, பொருத்தினோம். பொருத்திய முதல் நாளன்று கிளைடர் முன்பைவிட மோசமாகப் பறந்தது. ஏன் அப்படி ஆயிற்று என்று தேடியபோது கண்டவற்றை இங்கே வரிசையாகப் பதிவு செய்கிறேன். ட்ரிம் டேப் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை அந்தத் தேடலில்தான் நான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

இது ரிமோட் இல்லாமல் தானாகப் பறக்கும் கிளைடர். 50 மீட்டர் கயிற்றில் பட்டம் போல ஓடி இழுத்து மேலேற்றி, உச்சியில் கயிற்றை விடுவித்துவிட்டால், அதன் பிறகு அதன்மேல் நமக்கு எந்தப் பிடியும் இல்லை. பழைய பெயரில் ஏ-1, இன்றைய சர்வதேச வகைப்பாட்டில் எஃப்1எச் எனப்படும் இந்த வகைக்கு இறக்கையும் வாலும் சேர்ந்த பரப்பு 18 சதுர டெசிமீட்டரைத் தாண்டக் கூடாது. எடை 220 கிராமுக்குக் குறையக் கூடாது. எங்களுடையதன் இறக்கை 130 செ.மீ. நீளம், 11.5 செ.மீ. அகலம், வால் இறக்கை 40 செ.மீ. நீளம், 7.5 செ.மீ. அகலம், எடை 226 கிராம். இறக்கைக்கும் வாலுக்கும் இடையே சுமார் 55 செ.மீ. இருக்கிறது. விமானியும் இல்லை, ரிமோட்டும் இல்லை என்பதால், கயிறு விடுபட்ட கணத்திலிருந்து தரையைத் தொடும் வரை கிளைடர் எந்த வேகத்தில், எந்தத் தாக்குகோணத்தில் (எதிர்வரும் காற்றுக்கு இறக்கை காட்டும் சாய்வு) பறக்க வேண்டும் என்பது தரையிலேயே, மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு அளவுகளில் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

இந்த வேலையில் என்னோடு இருவர் இருந்தார்கள். விமானபுரத்தில் வசிக்கும் வேலூர்க்காரர் ஒருவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவருடைய பேத்தி. ஞாயிற்றுக்கிழமைகளில் விடிவதற்கு முன் கிளம்பி, ஹொசகோட்டையைத் தாண்டியுள்ள ஒரு வறண்ட ஏரிப்படுகைக்குப் போவோம். யெலகங்கா, ஜக்கூர், தேவனஹள்ளி, எச்.ஏ.எல். என்று நாலாபுறமும் விமானத் தளங்கள் இருக்கும் ஊரில், காற்றில் எதையாவது விட வேண்டுமென்றால் அவற்றையெல்லாம் விட்டு விலகித்தான் போயாக வேண்டும். அதோடு, ஒன்பது மணிக்குமேல் தரை சூடேறித் தெர்மல் எனப்படும் வெப்பக் காற்றோட்டம் எழத் தொடங்கிவிட்டால், கிளைடர் பறந்த நேரத்தில் காற்றின் பங்கு எவ்வளவு, நம் திருத்தத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய முடியாது. அதனால் சோதனைப் பறப்புகளை எட்டு மணிக்குள் முடித்துவிடுவது எங்கள் வழக்கம்.

கோளாறு

கயிறு விடுபட்டதும் கிளைடர் மூக்கைத் தூக்கும், வேகம் இழக்கும், சரியும், சரிவில் வேகம் பெற்று மீண்டும் மூக்கைத் தூக்கும். இப்படி அலை அலையாக ஏறி இறங்கி, ஒவ்வொரு அலையிலும் உயரத்தைக் கரைத்தபடி வந்து இறங்கும். சென்னையில் அமைதியான காலையில் 100 விநாடியைத் தொட்ட பறப்பு, இங்கே 65 விநாடிக்குச் சுருங்கியது.

இதற்கு வழக்கமான மருந்து, வால் இறக்கையின் முன்விளிம்புக்கு அடியில் ஷிம் என்னும் மெல்லிய பட்டையொன்றை வைப்பதுதான். முன்விளிம்பு உயர்ந்தால் வாலின் தூக்குவிசை கூடும், மூக்கு தாழும். எங்களிடம் இருந்த ஷிம்களில் மிக மெல்லியது 0.4 மி.மீ. ஒட்டுப்பலகை. வால் அமரும் இருக்கையின் நீளம் 70 மி.மீ. என்பதால் 0.4 மி.மீ. என்பது ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் இந்த அளவுள்ள கிளைடருக்கு அந்த மூன்றில் ஒரு பங்கு, அது சமநிலை கொள்ளும் தூக்குவிசைக் குணகத்தை (ஒரே வேகத்தில் இறக்கை எவ்வளவு தூக்குகிறது என்பதன் அளவு) ஏறத்தாழப் பத்து சதவீதமும், பறக்கும் வேகத்தை ஐந்து சதவீதமும் மாற்றிவிடுகிறது. மெதுவாக இறங்கும் கிளைடர் எப்போதும் ஸ்டாலின் விளிம்பை ஒட்டியே பறக்கிறது. அங்கே பத்து சதவீதம் என்பது ஒரு தாவல். ஆகவே ஷிம் வைத்தால் தேவைக்கு மேல் வேகமாக ஓடியது, எடுத்தால் ஸ்டால் ஆனது. இடைப்பட்ட நிலை எங்களுக்குக் கிட்டவில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கிளைடர் வட்டமிடுவதற்காக வால் இறக்கையை இலேசாக ஒரு பக்கம் சாய்த்து வைத்திருப்போம். எந்த முனை உயர்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாக வட்டமிடும். ஷிம் வைக்கும்போது அது துல்லியமாக நடுவில் அமராவிட்டால் அந்தச் சாய்வும் மாறி, வட்டத்தின் அளவும் மாறிவிடும். நீளவாட்டுச் சமநிலையைத் தொட்டால் வட்டம் கெடுகிறது; வட்டத்தைத் திருத்தினால் மறுபடி சமநிலை கெடுகிறது. நாங்கள் ட்ரிம் டேப்பை நாடியதற்கு முதன்மைக் காரணம் இதுதான். வாலை அதன் இருக்கையிலிருந்து எடுக்காமலேயே, சாய்வைத் தொடாமலேயே, அதன் தூக்குவிசையை மட்டும் நுணுக்கமாக மாற்ற வேண்டும் என்று விரும்பினோம்.

டேப்பைச் செய்வதற்கு முன் ஊர் மாற்றத்தையே காரணமாகச் சந்தேகித்தோம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உள்ளது. ஒரே வெப்பநிலையில் சென்னைக் காற்றைவிட இங்குள்ள காற்றின் அடர்த்தி ஏறத்தாழப் பத்து சதவீதம் குறைவு. காற்று மெலிந்ததால்தான் கிளைடர் தாங்காமல் விழுகிறது என்று பெரியவர் உறுதியாகச் சொன்னார். ஆனால் அடர்த்தி குறைந்தால் இறக்கையின் விசையும் வாலின் விசையும் ஒரே விகிதத்தில் குறைகின்றன. அவை சமன்படும் தாக்குகோணம் மாறுவதில்லை. அதே கோணத்தில், ஐந்து சதவீதம் கூடுதல் வேகத்தில் பறக்கும், அவ்வளவுதான். ஈரப்பதத்தால் வால் முறுக்கிக்கொள்கிறதா என்றும் பார்த்தோம். விடியற்காலையிலும் ஒன்பது மணிக்கும் அதைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்து ஒப்பிட்டதில் வேறுபாடு எதுவும் தென்படவில்லை. அதன் மேல் பாலியஸ்டர் படலம் ஒட்டியிருந்ததால் அது எதிர்பார்த்ததே. ஊரின்மேல் பழி சுமத்த இடமில்லை என்று தெரிந்தது. அங்கேயே நின்று, வேறு எது மாறியது என்று கேட்டிருக்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை.

முதல் டேப்

குளிர்பான டப்பாவின் அலுமினியத் தகடு ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன் உள்ளது, கத்தரிக்கோலால் வெட்டலாம், விரலால் வளைக்கலாம். அதில் 60 மி.மீ. நீளமும் 12 மி.மீ. அகலமும் கொண்ட ஒரு துண்டை வெட்டி, வலது பக்கப் பின்விளிம்பில் ஒட்டினோம். இரண்டு வாரங்களில் இதைக் கைவிட்டோம். தரையிறங்கும்போது காய்ந்த புல் பட்டாலே தகடு வளைந்துவிடும். எத்தனை டிகிரி வளைத்தோம் என்று அளக்க வழியில்லை. வளைத்த தகடு சற்றுத் திரும்பி வருவதால் கையின் நினைவையும் நம்ப முடியாது. ஒரே பக்கம் இருந்ததால் அது கிளைடரை உருட்டவும் செய்தது. அந்த உருட்டு விசை மிகச் சிறியதுதான். ஆனால் ஒன்றரை நிமிடம் யாரும் திருத்தாமல் பறக்கும் பொருளுக்குச் சிறிய விசையும் சேர்ந்துகொண்டே போகும், வட்டம் நாளுக்கு நாள் குறுகியது. அதோடு, பின்விளிம்புக்கு வெளியே நீட்டி ஒட்டியதால் கூடிய பரப்பைச் சேர்த்தால் மொத்தம் 18 சதுர டெசிமீட்டரை மயிரிழையில் தாண்டியது. இதைக் கணக்கிட்டுக் காட்டியவர் அந்த மாணவிதான். எனக்கு அது தோன்றவே இல்லை.

இரண்டாம் டேப்

இம்முறை வெளியே எதையும் ஒட்டவில்லை. வால் இறக்கையின் நடுவில், பின்விளிம்பிலிருந்தே 120 மி.மீ. நீளமும் 10 மி.மீ. அகலமும் உள்ள ஒரு பட்டையை அறுத்தெடுத்து, அதே பட்டையை மெல்லிய நாடாவால் கீல் போல மீண்டும் இணைத்தோம். இதனால் பரப்பு மாறவில்லை, இருபுறமும் சமமாக இருப்பதால் உருட்டும் இல்லை. டேப்பின் மேல்புறத்தில் 12 மி.மீ. உயரமுள்ள ஒரு சிறு கொம்பு. அதற்கு முன்னால் வால் இறக்கைமேல் ஒட்டிய ஒட்டுப்பலகைக் கட்டையில், எஸ்.பி. ரோட்டில் வாங்கிய எம்2 (2 மி.மீ. விட்டமுள்ள) நைலான் ஸ்க்ரூ. ஸ்க்ரூவை உள்ளே முடுக்கினால் அது கொம்பைப் பின்னோக்கித் தள்ளும், டேப் கீழே சாயும். கொம்பு எப்போதும் ஸ்க்ரூவின் முனையை விட்டு விலகாதபடி, பல் சீரமைப்புக்குப் பயன்படும் சிறு ரப்பர் வளையம் ஒன்று அதை முன்னோக்கி இழுத்துப் பிடித்திருக்கும். இந்த ரப்பர் வளையத்தை அற்பமாக எண்ணக் கூடாது. கொம்பின் முனையில் 0.1 மி.மீ. தளர்வு இருந்தாலே டேப் அரை டிகிரி ஆடும். அந்த ஆட்டம் இருக்கும்வரை ஸ்க்ரூவின் நுணுக்கத்தால் பயனில்லை.

எம்2 ஸ்க்ரூவின் புரியிடைத் தூரம் 0.4 மி.மீ. ஆகவே ஒரு முழுச் சுற்றுக்கு டேப் ஏறத்தாழ 1.9 டிகிரி சாயும். கால் சுற்றுக்கு அரை டிகிரி. இனி, டேப்பின் ஒரு டிகிரி முழு வாலின் எத்தனை டிகிரிக்கு ஈடு என்று தெரிய வேண்டும். மெல்லிய இறக்கைக் கோட்பாட்டின்படி, வாலின் அகலத்தில் 13 சதவீதமே உள்ள டேப் முழு நீளத்துக்கும் இருந்தால், அதன் ஒரு டிகிரி வாலையே 0.45 டிகிரி திருப்பியதற்குச் சமம். இவ்வளவு சிறிய பட்டைக்கு இவ்வளவு வலிமையா என்று வியப்பாக இருக்கும். பின்விளிம்பில் செய்யும் சிறு மாற்றம் முழு இறக்கையையும் சுற்றிச் செல்லும் காற்றோட்டத்தை மாற்றுகிறது என்பதே அதற்குக் காரணம். எங்கள் டேப் வாலின் நீளத்தில் 30 சதவீதமே என்பதால் அது 0.14 டிகிரியாகக் குறையும்.

கோட்பாடு இதோடு முடிகிறது. காற்று இன்னும் கொஞ்சம் கழித்துக்கொள்கிறது. விநாடிக்கு ஐந்தரை மீட்டர் வேகத்தில் பறக்கும் 7.5 செ.மீ. அகல வாலுக்கு ரேனால்ட்ஸ் எண் (வேகத்தையும் அகலத்தையும் காற்றின் பிசுக்குமையோடு ஒப்பிடும் எண்) 24,000 அளவில்தான் இருக்கும். அந்த நிலையில் இறக்கையை ஒட்டி ஓடும் காற்று சோர்வானது. பின்விளிம்பை அடையும் முன்பே மேற்பரப்பை விட்டு எளிதில் விலகிவிடும், விலகிய காற்றுக்குள் இருக்கும் டேப்புக்கு வலிமை குறையும். பின்னாளில், 0.4 மி.மீ. ஷிம் செய்த வேலையை டேப் எத்தனை சுற்றில் செய்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்ததில் இரண்டு சுற்று என்று தெரிந்தது. அதாவது கோட்பாடு சொன்னதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அப்படியானால் கால் சுற்று என்பது எங்கள் மிக மெல்லிய ஷிம்மில் எட்டில் ஒரு பங்கு. நாங்கள் தேடிய இடைப்பட்ட நிலை இதற்குள் நிச்சயம் அடங்கும் என்று நம்பிக்கை பிறந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

டேப்பை எந்தச் சாய்வும் இல்லாமல் வாலோடு நேர்கோட்டில் வைத்து முதல் பறப்பை விட்டோம். எதுவும் மாறாது, பழைய ஸ்டாலே வரும், அதிலிருந்து தொடங்கலாம் என்று எண்ணியிருந்தோம். ஆனால் கிளைடர் முன்பைவிட வன்மையாக மூக்கைத் தூக்கியது.

பெரியவர் ஸ்க்ரூவை இரண்டு சுற்று வெளியே எடுத்தார். டேப் மேலே சாய்ந்தது. ஏன் மேலே என்று பேத்தி கேட்டார். "டேப் மேல போனா மூக்கு கீழ வரும்மா, நான் எத்தனை விமானத்துல பார்த்திருக்கேன்" என்றார் அவர். அடுத்த பறப்பில் கிளைடர் உச்சியில் ஏறக்குறைய நின்று, வால்பக்கமாகச் சரிந்து, பாதி உயரத்தை ஒரே அலையில் இழந்தது. இறக்கையின் ஒரு முனை உடைந்தது. அன்றைய வேலை அதோடு முடிந்தது.

பெரியவர் சொன்னது பொய்யல்ல. அவர் வேலை செய்த விமானங்களில் டேப் இருப்பது எலிவேட்டரின் பின்விளிம்பில். எலிவேட்டர் என்பது மூக்கை ஏற்றி இறக்க வாலின் பின்பகுதியில் உள்ள பலகை; அது கீல்மேல் தானே அசையக்கூடியது. அங்கே டேப் மேலே சாய்ந்தால், அதன்மேல் படும் காற்று எலிவேட்டரையே கீழே தள்ளும். எலிவேட்டர் டேப்பைவிட மிகப் பெரியது என்பதால் அதுவே வெல்லும், மூக்கு தாழும். ஜெர்மானியப் பொறியாளர் அன்டோன் ஃப்ளெட்னரின் பெயரைத் தாங்கிய அந்த ஏற்பாடு, மனிதர் ஏறிப் பறக்கும் கிளைடர்களிலும் உண்டு, ஏ.எஸ்.கே. 13 என்ற இருவர் பயிற்சிக் கிளைடரின் எலிவேட்டரில் அதைக் காணலாம். அங்கே டேப்பின் வேலை விமானியின் கையிலுள்ள கட்டுப்பாட்டுத் தண்டின் பளுவை நீக்குவது. எங்கள் வால் இறக்கையோ அசையாதது. அதில் டேப் தள்ளிவிடுவதற்கு எலிவேட்டர் என்று ஒன்று இல்லை. டேப் மேலே சாய்ந்தால் வாலின் தூக்குவிசை குறையும், வால் தாழும், மூக்கு உயரும். ஒரே பெயர், ஒரே இடம், நேர் எதிரான விளைவு. முப்பது ஆண்டு அனுபவம் அவரைத் தவறான பக்கம் இழுத்தது. அந்தக் கேள்வி எழுந்தபோது நின்று யோசிக்காமல் விட்டதில் எனக்கும் சம பங்கு உண்டு. இப்போது அந்தக் கட்டையின்மேல் "உள்ளே முடுக்கினால் மூக்கு தாழும்" என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

திசைப் பிழை இரண்டாம் பறப்பை விளக்கியது. முதல் பறப்பை விளக்கவில்லை. அன்று டேப் நேராகத்தானே இருந்தது?

ஈர்ப்பு மையம்

இறக்கையைப் பழுதுபார்த்த வாரத்தில் மாணவி நகைக்கடைத் தராசு போன்ற ஒரு சிறு தராசில் ஒவ்வொன்றாக எடைபோட்டார். கட்டை, ஸ்க்ரூ, கொம்பு, நாடா, பசை, ரப்பர் வளையம் எல்லாம் சேர்ந்து 1.8 கிராம். இருநூற்றுச் சொச்சம் கிராமில் இது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் அது அமர்ந்திருக்கும் இடம் ஈர்ப்பு மையத்திலிருந்து 56 செ.மீ. பின்னால். நெம்புகோல் கணக்குப் போட்டால் அந்த 1.8 கிராம், ஈர்ப்பு மையத்தை 4.4 மி.மீ. பின்னுக்கு நகர்த்துகிறது. இறக்கையின் அகலத்தில் அது ஏறத்தாழ நான்கு சதவீதம்.

இந்த நான்கு சதவீதத்தின் பொருளைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கிளைடரின் தாக்குகோணம் தற்செயலாகக் கூடும்போது, இறக்கையிலும் வாலிலும் கூடும் தூக்குவிசைகள் இரண்டும் சேர்ந்து ஒரு புள்ளியில் செயல்படுவதாகக் கொள்ளலாம். அதை நடுநிலைப் புள்ளி என்பார்கள். எங்கள் கிளைடருக்கு அது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் 82 சதவீத தூரத்தில் வருகிறது. ஈர்ப்பு மையம் இதற்கு முன்னால் இருந்தால்தான், கோணம் கூடும்போது மூக்கு தானே தாழ்ந்து பழைய நிலைக்குத் திரும்பும். எங்களுடையது 55 சதவீதத்தில் இருந்தது. இரண்டுக்கும் இடைவெளி 27 சதவீதம். டேப்பைப் பொருத்தியதும் ஈர்ப்பு மையம் 59 சதவீதத்துக்குப் போய், இடைவெளி 23 ஆகச் சுருங்கியது. இதனால் இரண்டு கேடுகள் நேர்ந்தன. ஈர்ப்பு மையம் பின்னே போனதால் கிளைடர் சமநிலை கொள்ளும் தூக்குவிசைக் குணகம் பதினாறு சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது; இது 0.4 மி.மீ. ஷிம் செய்யும் மாற்றத்தைவிடப் பெரியது. அதோடு, கலைந்த நிலையிலிருந்து மீளும் ஆற்றலே குறைந்தது. ஸ்டாலைத் தடுக்கப் பொருத்திய கருவி, தன் எடையாலேயே ஸ்டாலை வரவழைத்துவிட்டது.

இங்கே நான் ஒரு குறுக்கு வழியை முயன்றேன், அதையும் பதிவு செய்ய வேண்டும். மூக்கில் ஈயம் சேர்க்காமல், ஸ்க்ரூவை ஐந்து சுற்று உள்ளே முடுக்கி, டேப்பை ஒன்பதரை டிகிரி கீழே சாய்த்தேன். அமைதியான காற்றில் ஸ்டால் நின்றது. வேலை முடிந்துவிட்டது என்றே எண்ணினேன். ஆனால் சிறு காற்றலை ஒன்று வந்து மூக்கைத் தூக்கிய போதெல்லாம் கிளைடர் நிலைக்குத் திரும்ப இரண்டு, மூன்று அலைகள் எடுத்துக்கொண்டது. அடுத்தடுத்த இரண்டு பறப்புகள் ஒன்றுபோல் அமையவே இல்லை. டேப் அவ்வளவு சாய்ந்திருக்கும்போது அதன் மேற்புறத்தில் காற்று ஒட்டி ஓடுவதும் உறுதியில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. டேப்பால், கிளைடர் எந்த வேகத்தில் அமைதி கொள்ள வேண்டும் என்பதை மாற்ற முடியும். அந்த அமைதியை எவ்வளவு உறுதியாகக் காத்துக்கொள்ள வேண்டும் என்பதை மாற்ற முடியாது. அது ஈர்ப்பு மையத்தின் கையில் இருக்கிறது. 1804-இல் ஜார்ஜ் கேலி செய்த சிறு கிளைடரில் வாலைத் திருப்பவும் ஏற்பாடு இருந்தது, எடையை முன்னும் பின்னும் நகர்த்தவும் ஏற்பாடு இருந்தது. இரண்டும் தனித்தனியாக ஏன் தேவை என்பதை அந்த மனிதர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போது மரியாதையே தோன்றுகிறது.

மூக்கின் அறை ஈர்ப்பு மையத்திலிருந்து 30 செ.மீ. முன்னால் இருக்கிறது. அங்கே 3.4 கிராம் ஈயத் துண்டுகளைச் சேர்த்ததும் ஈர்ப்பு மையம் பழைய 55 சதவீதத்துக்குத் திரும்பியது. கிளைடரின் மொத்த எடை 231 கிராம் ஆனது. டேப்பை மீண்டும் நேராக்கிப் பறக்கவிட்டோம்; எதிர்பார்த்தபடி பழைய, இலேசான ஸ்டால் வந்தது. அங்கிருந்து கால் கால் சுற்றாக உள்ளே முடுக்கிக்கொண்டே போனதில், இரண்டு சுற்றைத் தாண்டியதும் அலை முழுவதும் அடங்கி, 98 விநாடி பறந்தது.

இருக்கை

அடுத்த வாரம் அரைச் சுற்று கூடுதலாகத் தேவைப்பட்டது. அதற்கடுத்த வாரம் மீண்டும் அரைச் சுற்று.

டேப் இல்லாத காலத்தில் இந்தச் சிறு நகர்வு எங்கள் கண்ணுக்குப் படவே இல்லை. ஷிம்மின் கரடுமுரடான அளவுக்குள் அது மறைந்து போயிருந்தது. இப்போது ஸ்க்ரூவின் சுற்றுகளை நோட்டில் எழுதி வந்ததால், ஏதோ ஒன்று வாரத்துக்கு வாரம் ஒரே திசையில் நகர்கிறது என்பது எண்களாகத் தெரிந்தது. ஸ்க்ரூ தளர்கிறதா என்று பெயிண்ட் புள்ளி வைத்துப் பார்த்தோம், தளரவில்லை. பெரியவர்தான் வாலைக் கழற்றி, இருக்கையை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்து, விரல் நகத்தால் தடவிப் பார்த்தார். முன்விளிம்பு அமரும் இடத்தில் பால்சா மரம் ஒரு பள்ளமாக நசுங்கியிருந்தது. ஆழமானியால் அளந்ததில் 0.5 மி.மீ.

இந்தக் கிளைடரில் டீத்தெர்மலைசர் உண்டு. தெர்மலில் சிக்கித் தொலைந்து போகாமலிருக்க, குறித்த நேரம் ஆனதும் வால் இறக்கையின் பின்விளிம்பு ரப்பர் வளையத்தின் இழுப்பால் நாற்பது டிகிரிக்கு மேல் எழும்பும். கிளைடர் முழு ஸ்டாலில் கிடைமட்டமாக, குடை போல, தொப்பென்று இறங்கும். வால் எழும்பியிருக்கும்போது அதன் முழு இழுப்பும் முன்விளிம்பின் ஒரே கோட்டில் இருக்கையை அழுத்துகிறது. அந்த நிலையில் தரையில் மோதும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு பால்சாவுக்குள் சற்று ஆழமாக இறங்கும். முன்விளிம்பு தாழ்ந்தால் வாலின் கோணம் குறையும், மூக்கு உயரும், ஸ்டால் வரும். சென்னையில் நான் பறக்கவிட்ட திடல் புல்தரை. இங்கே ஏரிப்படுகை காய்ந்து கெட்டித்த களிமண். ஊர் மாறியதால்தான் கோளாறு வந்தது என்று பெரியவர் முதலில் சொன்னதில் உண்மை இருந்தது. மாறியது காற்றல்ல, தரை.

பள்ளத்தை எப்பாக்ஸியால் நிரப்பி, இருக்கையின்மேல் 0.4 மி.மீ. ஒட்டுப்பலகையை முழுவதுமாக ஒட்டி, முன்விளிம்பு அமரும் கோட்டில் கார்பன் இழைப் பட்டை ஒன்றைப் பதித்தோம். பலகை முன்னும் பின்னும் ஒரே தடிமன் என்பதால் கோணம் சென்னையில் இருந்தபடியே அமைந்தது. டேப்பை மீண்டும் நேராக்கித் தொடங்கினோம். முக்கால் சுற்றில், அதாவது ஒன்றரை டிகிரிக்கும் குறைவான சாய்வில், கிளைடர் அமைதியாக வட்டமிட்டது. 101, 104, 99 விநாடிகள். அதன் பின் ஏழு ஞாயிறுகள் பறக்கவிட்டாகிவிட்டது. ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கு மேல் தொட நேரவில்லை.

டேப் தேவையா?

இதைப் படிக்கும் அனுபவசாலிகள் ஒரு கேள்வி கேட்பார்கள். வால் இறக்கையின் இருக்கையிலேயே, பின்விளிம்புக்கு அடியில் ஒரு நைலான் ஸ்க்ரூ வைத்துக் கோணத்தைத் திருத்துவதுதானே பரவலான வழக்கம், டேப்புக்கு என்ன தேவை? நியாயமான கேள்வி. அதே எம்2 ஸ்க்ரூவை 70 மி.மீ. இருக்கையின் முனையில் வைத்தால் கால் சுற்றுக்கு 0.08 டிகிரி கிடைக்கும். எங்கள் டேப்பில் அது ஏறத்தாழ 0.04 டிகிரி; வேறுபாடு பெரிதல்ல. எடையும் டேப்பைவிடக் குறையும், இழுவையும் கூடாது. இருக்கை நசுங்குவதைத் தொடக்கத்திலேயே கண்டிருந்தால், அதைக் கெட்டிப்படுத்தி ஒரு ஸ்க்ரூ வைத்ததோடு நான் நிறுத்தியிருப்பேன்.

ஆயினும் இந்த டேப்பை நான் கழற்றவில்லை. வட்டத்துக்கான சாய்வைத் தொடாமல் சமநிலையை மட்டும் திருத்தலாம் என்று நாங்கள் முதலில் எதிர்பார்த்தது உண்மையாகவே நிறைவேறியிருக்கிறது. இருக்கை ஸ்க்ரூவில் வால் அமரும் புள்ளியே மாறுவதால் அந்த உறுதி முழுமையாகக் கிடைக்காது. ஆனால் இதே வேலையைச் செய்ய விரும்புவோர் டேப்பை அறுப்பதற்கு முன் மூன்றைச் செய்ய வேண்டும் என்பேன். வாலைக் கழற்றி இருக்கையை அளந்து பாருங்கள். ஈர்ப்பு மையத்தைக் குறித்து வைத்து, டேப் பொருத்திய பின் அதே இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு முதல் பறப்பை விடுங்கள். டேப் ஐந்து டிகிரிக்கு மேல் சாய வேண்டியிருந்தால் டேப்பை நிறுத்தி, வேறு எங்கோ இருக்கும் பிழையைத் தேடுங்கள்.

அடுத்த கிளைடருக்கான வால் இறக்கையை இப்போது மாணவி செய்துகொண்டிருக்கிறார். கட்டைக்குப் பதிலாக ஸ்க்ரூவை வாலின் நடு விலாச் சட்டத்துக்குள்ளேயே பதித்து, டேப்பின் நீளத்தை 80 மி.மீ. ஆகக் குறைத்திருக்கிறார். நேற்று மாலை எடை போட்டபோது முழு ஏற்பாடும் 0.9 கிராம் காட்டியது. அதற்கு ஈடாக மூக்கில் 1.7 கிராம் ஈயம் போதும்.